மார்கழி முகூர்த்தம்

இதை எங்கிருந்து தொடங்கிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்று பூரணத்துக்குப் பட்டது. மெஸ்ஸின் பின்கட்டில், தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த சின்ன வெங்காயக் குவியலுக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தபடி அவள் மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். முதலாளி நாளைக்கு லீவு கொடுத்திருக்கிறார் என்று தொடங்கினால், நல்லதுதானே, காலை நீட்டிப் படு என்பார்கள். பெரிய ஆர்டர் வந்திருக்கிறது என்று தொடங்கினால், முழுதும் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள் பொட்டலக்காரி என்று சிரித்துவிடுவார்கள். வாய்க்கால்கரையில் நம் வீடுகளை நாளைக்கு இடிக்க வருகிறார்கள் என்று நேராகவே சொல்லலாம். சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை, அதுதான் சங்கடம். காலையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி கனகசபைக்கு ஒரு போன் வந்தது. எப்போதும் தெருவுக்கே கேட்கும்படி போனில் கத்துகிற மனிதர், சார் என்று ஒரு தடவை சொன்னார், எழுந்தார், வாயைக் கையால் பொத்திக்கொண்டு கிரைண்டர் ஓடுகிற மூலைக்குப் போய் நின்றார். கிரைண்டர் சத்தத்தில் ரகசியம் பேசலாம் என்று கண்டுபிடித்த மூளைக்கு, கரண்டு போனால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரியவில்லை. கரண்டு போனது. "லேடீஸுக்குத் தனியாக் கட்டிடறேன் சார்" என்ற குரல் மட்டும் பின்கட்டு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அவர் வந்து, கல்யாண ஆர்டர் பூரணம், நாளைக்கு முகூர்த்தம், காலையில் பொங்கல் வடை சாம்பார், மத்தியானத்துக்கு லெமனும் தயிரும், எல்லாம் பொட்டலம் என்றார். மார்கழி மாதத்தில் எவன் கல்யாணம் வைக்கிறான். தினமும் விடிவதற்கு முன் எழுந்து, நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, பஜனை கோஷ்டியோடு தெருத்தெருவாகத் தாளம் தட்டிப் போகிற பக்திமான். பொய் சொல்கிற அன்றைக்காவது பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். பொட்டலத்தில் கல்யாணச் சாப்பாடு. பெண்களுக்குத் தனிப் பொட்டலம். பெண்ணைத் தூக்க ஆண் போலீஸ் கை வைத்தால் பேப்பரில் வந்துவிடுமே, அதற்காகத் தனி வண்டியில் வருகிறவர்களுக்கு அந்தப் பொட்டலம். கல்யாணத்துக்கு வரும் அத்தை சித்திக்கெல்லாம் எவன் பிரித்துக் கட்டினான். இவ்வளவையும் அவள் மனதில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் குவியலைப் பார்த்துக்கொண்டு, வெங்காயத்தை உரித்து வைத்துவிட்டுக் கிளம்பு, நாளைக்கு நீ வர வேண்டாம் என்றார். இத்தனை ஆர்டரை வைத்துக்கொண்டா என்று கேட்டாள். ஆள் இருக்கிறது என்றார். போகிற போக்கில், அவளைப் பார்க்காமல், "வீட்ல இரு பூரணம்" என்றார்.

வீட்டில் இருக்கவாம். இந்த மெஸ்ஸில் அவள் லீவு என்று வாங்கியதெல்லாம் சாவுக்குத்தான். மாமியார் செத்தபோதுகூட, பூண்டை உரித்துக் கொடுத்துவிட்டுப் போயேன், எடுக்கச் சாயங்காலம் ஆகுமில்லையா என்று கேட்ட வாய் இது. அந்த வாய் கேட்காமலே லீவு கொடுக்கிறது என்றால் அவர் கணக்கில் நாளைக்கும் ஒரு சாவு இருக்கிறது. இதை அவர் புண்ணியம் என்று எடுத்துக்கொள்வார். நாளைக்குக் கோயிலில் தாளம் தட்டும்போது, நான் சூசகமாகச் சொல்லித்தானே அனுப்பினேன் என்று சாமியிடம் முறையிடுவார். ஆர்டரையும் விடமாட்டார், சொல்லவும் மாட்டார், நல்லவனாகவும் இருக்க வேண்டும். வெங்காயத்தின் காம்பைக் கிள்ளி, தோலை வழித்து, சட்டியில் போட்டாள். அவள் உரித்த வெங்காயம் சாம்பாரில் வெந்து, பொங்கலோடு பொட்டலமாகி, நாளைக்கு அவள் வீட்டு வாசலில் நின்று எவனோ பிரித்துத் தின்பான். உப்பை அள்ளிப் போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. போட்டால் என்ன, வெறும் வயிற்றோடு இடிப்பான், இன்னும் கோபமாக இடிப்பான். அந்தப் பொட்டலத்தை அவள் ஒரு தடவை தின்றும் இருக்கிறாள். அப்போது ஐந்தாம் வகுப்பு. பழைய பாலத்தடியில் ஓலைக்கொட்டகை, அம்மா வைத்திருந்த தையல் மிஷின், அதன் மிதிகட்டையில் காலை வைத்துப் படிக்கிற பிள்ளை. விடிகிற நேரத்தில் ஆற்றுப்பக்கம் ஒதுங்கப் போனவள் புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த போலீஸ்காரர்களைப் பார்த்தாள். அவர்களில் ஒருத்தன், தங்கப்பல் கட்டியவன், பாப்பா இங்கே வா என்று கூப்பிட்டு, இலைத் துண்டில் ஒரு வடையை வைத்துக் கொடுத்தான். மரத்தைச் சுற்றி விறகுக் கட்டுமாதிரி தடிகள் கிடந்ததை அவள் வடைக்கு முன்பே பார்த்துவிட்டாள். ஆனால் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னபோது வடையைத்தான் முதலில் சொன்னாள். போலீஸ்காரர் வடை கொடுத்தார் அம்மா, நிறையப் பேர் மரத்தடியில் சாப்பிடுகிறார்கள் அம்மா. அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரிகளும் ஏதோ மந்திரி வருகிறார் போல, அன்னதானம் போல என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அவள் கையில் தூக்குவாளியைக் கொடுத்து, சாம்பார் மிச்சமிருந்தால் வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். தூக்குவாளியோடு அவள் திரும்பிப் போனபோது அவர்கள் கை கழுவிவிட்டுத் தடிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கப்பல்காரன் இப்போது அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தையல் மிஷின் கொட்டகையோடு போனது. புதிதாகக் கொண்டுபோய் இறக்கிவிட்ட பொட்டலிலிருந்து பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்தது, படிப்பும் அன்றோடு முடிந்தது. தடியை முதலில் சொல்லியிருந்தால் அம்மா மிஷினையாவது வெளியே இழுத்துப் போட்டிருப்பாள். அம்மா அதற்காக அவளை அடித்திருக்கலாம். அடிக்காமல், சாகிறவரைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள், வீட்டை இடிக்க வந்தவன் கையில் வடை வாங்கித் தின்றுவிட்டு வந்தாள் என் மகள் என்று.

அதனால்தான் போன ஐப்பசியில் எல்லாவற்றுக்கும் முன்னால் தடியைச் சொன்னாள். அப்போதும் இதே மெஸ்ஸில் மலைபோல லெமன் சாதப் பொட்டலம் கட்டினார்கள், யாருக்கென்று கேட்டால் சர்க்கார் ஆர்டர் என்றார்கள். ஓட்டமும் நடையுமாகக் கரைக்குப் போய், தெருவின் முதல் வீட்டிலிருந்தே, நாளைக்கு இடிக்க வருகிறார்கள், சாமானை எடுங்கள் என்று கத்திக்கொண்டே போனாள். வடை சமாச்சாரம் எதுவும் கலக்காமல் நேராக விஷயத்தைச் சொன்னோம் என்று அவளுக்கே திருப்தியாக இருந்தது. கட்டிலும் கிரைண்டரும் டிவியும் பாத்திரமும் தெருவுக்கு வந்தன. பிறகு மழை வந்தது. விடிந்த பிறகு பார்த்தால் ஒரு போலீஸ்கூட வரவில்லை. பொட்டலமெல்லாம் ஏரிக்குப் போயிருந்தது. ஏரியைத் தூர் வாருகிறோம் என்று அதிகாரிகள் ஆளுக்கொரு மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்களாம், கூட்டம் காட்டக் கூட்டி வந்த ஆட்களுக்கு லெமன் சாதமாம். ஏரியில் அன்றைக்கு வாரிய மண்ணை ஒரு பொட்டலத்தில் கட்டிவிடலாம். பக்கத்து வீட்டு ஜெயக்கொடியின் டிவி மழையில் நனைந்து செத்துப்போனது. அன்றையிலிருந்து ஜெயக்கொடி அவளோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, குழாயடியில் மூன்றாவது ஆளிடம் பேசுவது மாதிரி பேசுவாள். கேட்டியாடி, இன்னைக்கு எந்த ஊர்ல பொட்டலம் கட்றாங்களாம், எங்கூட்ல துணி காயப்போட்டிருக்கேன், எடுக்கணுமான்னு கேட்டுச் சொல்லு என்பாள். சுற்றி நிற்பவளுகள் பல்லைக் காட்டுவார்கள். இவளுகளுக்காக ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள் என்பது எந்தப் பல்லுக்காவது தெரியுமா. இடிக்காமல் விட்டதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர்கள், இடிக்கவில்லையே என்று அவள்மேல் கோபப்பட்டார்கள். இப்போது மறுபடியும் போய்ச் சொல்ல வேண்டுமாம். யாருக்கு. உரித்த வெங்காயத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பியபோது கனகசபை கல்லாவில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவள் வாசலைத் தாண்டுகிறவரை தேடிக்கொண்டே இருந்தார்.

வெயில் இருந்தும் சூடு இல்லாத மத்தியானம். பெட்ரோல் பங்க் பின்னால், எப்போதும் லாரிகள் நிற்கிற இடத்தில், மஞ்சளும் கறுப்பும் அடித்த இரும்புத் தடுப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இருக்கட்டும், ஏதாவது ஊர்வலமாக இருக்கலாம். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு மஞ்சள் பொக்லைன் நின்றது, அதன் கையை மடக்கித் தரையில் ஊன்றி வைத்திருந்தார்கள், நிழலில் டிரைவர் துண்டை விரித்துத் தூங்கினான். இருக்கட்டும், பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்டுகிறார்களோ என்னவோ. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு இருக்கட்டும் சொல்லிக்கொண்டு அவள் நடந்தாள். இருக்கட்டும் சொல்லச் சொல்ல நடை வேகமாகிக்கொண்டே வந்தது. கரையின் முனையில் குப்பைத்தொட்டி வழிந்து நாய்கள் இழுத்துப் போட்டிருந்தன. குப்பை வண்டி இன்றைக்கு வரவில்லை. மொத்தமாக அள்ளப்போகிற இடத்துக்குத் தனியாக ஒரு வண்டி எதற்கு, டீசல் வீண். சர்க்கார் எதில் சிக்கனம் பிடிக்கும் எதில் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். கரண்டு கம்பத்தில் ஏணியைச் சாய்த்துவிட்டு ஒருத்தன் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாகத் தெருவிளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்தபோது வராதவன். விளக்கைப் போட வந்தீர்களா தம்பி என்று கேட்டாள். அவன் கீழே பார்க்காமல், லைனைப் பார்க்க வந்தேன் என்றான். இடிக்கும்போது கரண்டு பட்டு யாரும் செத்துவிடக் கூடாது, செத்தால் கேஸ் ஆகும். உயிர்மேல் அத்தனை அக்கறை. இதையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கிறபோது எவ்வளவு தெளிவாக இருக்கிறது, ஒவ்வொன்றாகச் சொன்னால் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது. தடுப்பு வைத்திருக்கிறார்கள், குப்பை எடுக்கவில்லை, ஏணி சாய்த்திருக்கிறார்கள். பைத்தியம் பிடித்தவள் தெருவில் நடந்துகொண்டே சொல்கிற பேச்சு இப்படித்தான் இருக்கும். பைத்தியம்தானோ. ஐப்பசியிலும் இதேமாதிரிதான் எல்லாம் தெளிவாக இருந்தது.

டீக்கடை பெஞ்சில் அவள் புருஷன் சந்திரபோஸ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சுற்றியிருந்த நாலு பேருக்குப் போர் நடத்திக்கொண்டிருந்தான். காலில் ஆணி வந்ததிலிருந்து அவன் வாட்ச்மேன் வேலைக்குப் போவதில்லை, உலகத்தைக் காவல் காக்கிறான். எங்கோ கடலுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டிருந்தன. அவன் விரலால் தொடையில் கோடு போட்டு, கப்பல் இங்கே நிற்கிறது, விமானம் இங்கிருந்து கிளம்பும் என்று காட்டினான். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று டீ ஆற்றுகிறவன் கேட்டான். "அவன் வாயத் தொறந்து சொல்லவே வேணாம்யா," என்றான் சந்திரபோஸ். "சிப்பாய்க்கெல்லாம் லீவு ரத்து. ராணுவ ஆபீசுக்கு எந்நேரமும் ரொட்டி போகுதாம், லைட்டு அணையலையாம். இதெல்லாம் பாத்தாலே தெரியும். ரெண்டு நாள்ல அடிச்சிருவான்." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். வெங்காய வாடையோடு அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பூரணம் அவன் வாயையே பார்த்தாள். கடல் தாண்டி எவன் வீட்டுக்கோ போகிற ரொட்டி இவனுக்குத் தெரிகிறது. சிரிப்புக்கூட வரவில்லை. இவனிடம் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். முதலில் உனக்கென்ன தெரியும் என்பான், பிறகு டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான், நாளைக்கு இடிந்த பிறகு நான் அப்போதே நினைத்தேன் என்பான். அப்போதுதான் அவள் கடைக்குப் பக்கத்திலிருந்த கொடிக்கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள். கம்பம் மட்டும் நின்றது, கொடி இல்லை. அடியில் சிமெண்ட் திட்டில் பதித்திருந்த கட்சிக் கல்வெட்டும் இல்லை. பெயர்த்து எடுத்த இடத்தில் பச்சை மண் தெரிந்தது. வட்டச் செயலாளர் எழில்மாறனின் வீடு கம்பத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அதன் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஃபிரிட்ஜ் நின்ற மூலை வெறுமையாக, சுவரில் எண்ணெய்ப் பிசுக்குச் சதுரமாகத் தெரிந்தது. "கம்பத்துல கொடியக் காணோமே," என்றாள் புருஷனிடம். அவன் ஒரு கண்ணைப் பேப்பரிலிருந்து எடுத்தான். "தொவைக்கப் போட்டிருப்பான்," என்றான்.

கொடியைத் துவைக்கிறானாம். கல்லையும் சேர்த்துத் துவைக்கிறானாக்கும். மழைக்கும் வெயிலுக்கும் கிழிந்து தொங்கினாலும் மாற்றாத துணி, மண்ணில் விழுந்தால் கட்சிக்கு அவமானம் என்று ராவோடு ராவாக இறக்கி மடித்துக்கொண்டு போயிருக்கிறான். மனிதர்கள் விழலாம், அவர்களுக்கு அவமானம் கிடையாது. அவன்தானே ஆடி மாதம் நம்பர் போட வந்தவர்களைக் கூட்டி வந்தான். பெயின்ட் டப்பாவும் டேப்பும் வைத்துக்கொண்டு நாலு பேர் வந்து வீட்டுக்கு வீடு அளந்து, கதவில் சிவப்பு எண் போட்டார்கள். எதற்கென்று கேட்டவர்களிடம் எழில்மாறன், பட்டா வரப்போகிறது, வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றான். கரையே திருவிழாவாகிவிட்டது. கழுத்தில் கத்தி வைக்கக் குறி போட்டவனுக்கு மோர் கொடுத்தார்கள். அவர்கள் போனதும் எண்ணைச் சுற்றிச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், சிலர் செம்பருத்தி மாலை போட்டார்கள். சந்திரபோஸ் கதவுக்குக் கற்பூரம் காட்டினான். அவளும்தான், இப்போது மற்றவர்களைச் சொல்லி என்ன, அவளும்தான் பெயின்ட்காரப் பையனிடம் கொஞ்சம் பெரிதாகப் போடு தம்பி, தூரத்திலிருந்து தெரியட்டும் என்று சொல்லி ஒரு தம்ளர் காப்பி கொடுத்தாள். கண்கொள்ளாத அளவுக்கு நாற்பத்தொன்று என்று போட்டுவிட்டுப் போனான். ஜெயக்கொடி அன்றைக்குத் தங்கை வளைகாப்புக்குப் போய்விட்டாள், பூட்டிய வீடு என்று அதற்குப் போடாமல் விட்டுவிட்டார்கள். ஊரிலிருந்து வந்து பார்த்துத் தெருவில் விழுந்து அழுதாள். மறுநாள் தானே சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து நாற்பத்திரண்டு என்று போட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டு பொதுக் கழிப்பிடத்துக்குப் போட்ட எண். கழிப்பிடத்துக்கு மட்டும் யாரும் சந்தனம் வைக்கவில்லை. பட்டா அல்ல, இடிக்க எடுத்த கணக்கு என்று பூரணத்துக்குத் தெரிந்ததே பிறகுதான். மெஸ்ஸில் பாத்திரம் கழுவ வந்த பள்ளத்தெருக்காரி ஒருத்தி சொன்னாள். அவர்கள் தெருவிலும் முதலில் எண்தான் வந்ததாம். இடித்த அன்றைக்கு, எண் இருந்த வீட்டுக்கு மட்டும் ஊருக்கு வெளியே மாடிக் குடியிருப்பில் ஒரு அறை என்று சொன்னார்களாம். எல்லோரும் எங்களுக்கும் எண் இருந்தது சார் என்று ஓடினார்களாம். எங்கே காட்டு என்று கேட்டார்களாம். எண் போட்ட கதவெல்லாம் செங்கல்லோடு நசுங்கிக் கிடந்ததாம். எவளோ ஒருத்தி எண் இருந்த பலகைத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாளாம், அவளுக்கு அறை கிடைத்ததாம். இந்த விஷயத்தையும் பூரணம் கரையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இப்போது கதவும் பேச ஆரம்பித்துவிட்டதா பொட்டலக்காரிக்கு என்பார்கள்.

வீட்டு வாசலில் வந்து நின்றபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கரைப் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நின்றார்கள். ஜெயக்கொடி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள், திருப்பிய பக்கத்திலிருந்து ஏதோ சிரிப்பு வந்தது. இப்போது சொல்ல வேண்டும் என்று பூரணத்தின் தொண்டை வரை வந்தது. என்ன சொல்வது. கனகசபை என்று தொடங்குவதா, கொடி என்று தொடங்குவதா, ஏணி என்றா. தடியை முதலில் சொன்னால் சிரிப்பார்கள், வடையை முதலில் சொன்னால் தூக்குவாளியோடு போவார்கள். சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன. தன் சாமானை மட்டும் கட்டி வைத்துக்கொண்டு கம்மென்று இருக்கலாம். எழில்மாறன் அப்படித்தானே செய்தான், கனகசபையும் அப்படித்தானே. நாளைக்கு இந்தக் குழாயடியில் நிற்கிற ஒவ்வொருத்தியும் தலையில் அடித்துக்கொண்டு அழுவதை ஒரு ஓரத்தில் நின்று பார்க்கலாம். ஜெயக்கொடி முக்கியமாக. செத்த டிவியை இன்னும் அலமாரியில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். அந்த டிவியும் போகும். நினைக்கும்போது ஒரு விநாடி இனிப்பாக இருந்தது, அடுத்த விநாடி வாயில் அந்த வடையின் ருசி வந்தது, மிளகு கடிபட்ட ருசி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும். அவள் எச்சிலைத் துப்பிவிட்டு உள்ளே போனாள். சட்டியில் சோறு இருந்தது, சாப்பிடத் தோன்றவில்லை. நாளைக்கு யாரும் வராவிட்டால். வராவிட்டால் மறுபடியும் அவள் ஒருத்திதான் அசடு. வந்துவிட்டால். அவள் சுற்றிலும் பார்த்தாள். கிரைண்டர், கட்டில், சாமி படம், புருஷன் அடுக்கி வைத்திருக்கிற பழைய பேப்பர். தூக்கிக்கொண்டு ஓடுமளவுக்கு இதில் எதுவும் இல்லை. வீட்டிலேயே விலை பெற்ற ஒரே பொருள் அந்தக் கதவுதான். பழைய பங்களா இடித்த சாமான் விற்கிற கடையில் வாங்கிய தேக்குக் கதவு. கரையில் எல்லோரும் சுவரை எப்படியோ எழுப்பினாலும் கதவை மட்டும் கனமாகப் போட்டுக்கொள்வார்கள், தட்டினால் சத்தம் வர வேண்டும் என்பதற்காக. அதன் நடுவில் நாற்பத்தொன்று கண்ணைக் குத்திக்கொண்டு நின்றது, சந்தனப் பொட்டுகள் காய்ந்து வெடித்திருந்தன.

அவள் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கீல் துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெயை ஊற்றி, ஊறுவதற்குக்கூட நிற்காமல், குழவியால் அடிக் கீலின் ஆணியைத் தட்ட ஆரம்பித்தாள். முதல் தட்டிலேயே குழாயடிப் பேச்சு நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடிக்கீல் கழன்றது, மேல்கீலுக்கு ஸ்டூல் போட வேண்டியிருந்தது. ஸ்டூல் ஆடியது, தானாக வந்து பிடிக்க ஒருத்திக்கும் மனம் இல்லை, நல்லதாகப் போயிற்று. ஆணி கழன்றபோது கதவு மொத்தமாக அவள் தோளில் சாய்ந்தது. இவ்வளவு கனமான ஒன்றையா இத்தனை வருஷம் ஒரு விரலால் தள்ளிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அதை நட்டுக்குத்தலாக நிறுத்தி, ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையை ஊன்றி, நடக்க வைப்பதுபோல நடக்க வைத்து, குடவரிசையைச் சுற்றிக்கொண்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் சர்ச் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் கொண்டுபோனாள். சர்ச் சுவருக்கு எண் கிடையாது. எண் தெரிகிற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பியபோது ஜெயக்கொடி சாலை நடுவில் நின்றாள். இடுப்பில் குடம், குடத்தில் பாதித் தண்ணீர். ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக நேராக அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"கதவ எதுக்குக் கழட்டுன?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. பூரணம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"கரையான்."

ஜெயக்கொடி கதவைப் பார்த்தாள். தேக்கு, எங்கும் ஒரு துளை இல்லை. வாசல் மட்டும் திறந்து கிடந்த பூரணத்தின் வீட்டைப் பார்த்தாள். பிறகு எதற்கோ கொடிக்கம்பத்தின் பக்கம் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். குடத்தை இறக்கி, இருந்த தண்ணீரைச் சாலையிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குள் போனாள். சற்று நேரத்தில் அங்கிருந்து இரும்பில் இரும்பு படுகிற சத்தம் கேட்டது. முட்டாள், கழிப்பிடத்து எண்ணைப் போய்க் கழற்றுகிறாள் என்று பூரணம் நினைத்தாள். அதைப் போய்ச் சொல்லவில்லை, கதவு என்ற அளவில் அது கதவுதானே. அடுத்து இன்னொரு வீட்டில் சத்தம் கேட்டது, பிறகு எதிர்வரிசையில். குழாயில் தண்ணீர் யாரும் பிடிக்காமல் வழிந்தது. டீக்கடைப் பக்கமிருந்து பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்த சந்திரபோஸ் கதவில்லாத வாசலில் நின்று உள்ளே பார்த்தான், வெளியே பார்த்தான், என்ன நடக்கிறது இங்கே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று பொதுவாகக் கேட்டான். பூரணம் சாலையோரம் காலை நீட்டி, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். யாருக்கும் அவள் எதையும் சொல்லவில்லை, ஆகவே எதையும் தப்பாகச் சொல்லவில்லை. கையை மட்டும் பின்னால் விட்டு, சுவருக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து, காய்ந்த பெயின்ட் விரலில் தட்டுப்படுகிறதா என்று ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.